முன்பக்கக் கூரை மொட்டையாகத் தெரிகிறது, அலங்கார டார்மர் வைக்கலாமா?

நீலவாசல்:

வணக்கம். வீட்டு முகப்பு பற்றி ஒரு யோசனை கேட்க வந்தேன்.

எங்கள் வீடு தரைத்தளம் மட்டும்தான். முன்பக்கம் 42 அடி அகலம், நடுவில் வாசல், இரு பக்கமும் இரண்டிரண்டு சன்னல். அதற்கு மேலே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே சரிவாகத் தார் ஷிங்கிள் கூரை, அதாவது ஓடு மாதிரி வரிசை வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வேய்கிற தார் வில்லைகள். தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படுவதில் பாதி கூரைதான். சுவரும் சன்னலும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பார்வை கொஞ்சம் மேலே போனால் நிற்க ஓர் இடம் இல்லை, நேரே வானத்துக்குப் போய்விடுகிறது.

அதனால் டார்மர் வைக்கலாம் என்று ஆசை. கூரைச் சரிவிலிருந்து தனக்கென்று ஒரு சின்னக் கூரையோடு எழுந்து நிற்குமே, அந்தச் சன்னல். பரணில் பழைய சாமான்கள்தான் கிடக்கின்றன, அங்கே அறை போடுகிற எண்ணம் இல்லை. எனவே உள்ளே திறக்காத, வெளியிலிருந்து பார்ப்பதற்கு மட்டுமான டார்மர் எனக்குப் போதும்.

வேலையை எடுத்துச் செய்பவர் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். வாசலுக்கு நேர் மேலே ஒரே பெரிய டார்மர், 8 அடி அகலம், அதன் நடுவில் 3 அடி அகலச் சன்னல். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ இடிக்கிறது. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டின் ஆழம் 26 அடி. கூரை 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் ஏறுகிறது. ஷிங்கிள் போட்டு 18 வருடம் ஆகிறது. ஒன்று பெரிதாக வைப்பதா, இரண்டு மூன்று சின்னதாக வைப்பதா? நல்லபடியாக இருக்கிற கூரையில் கை வைத்து ஒழுகலை வரவழைத்துக்கொள்வேனோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:

தம்பி, படத்தில் என்ன இடிக்கிறது என்று நான் சொல்கிறேன். 8 அடி அகல முகப்பில் 3 அடிச் சன்னல் என்றால் சன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டரை அடி, அந்தப் பக்கம் இரண்டரை அடி வெறும் சுவர் நிற்கும். டார்மருக்கு அது ஆகவே ஆகாது.

டார்மர் எதற்காக வந்தது? கூரைக்கு அடியில் இருக்கிற இருட்டு அறைக்கு வெளிச்சம் கொண்டுபோக. மரவேலைக்காரன் கூரையைத் திறந்து, சன்னல் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் நட்டு, மேலே சின்னக் கூரை போட்டான். வெளிச்சம் தராத சுவரை அந்த உயரத்தில் யாரும் வேலை மெனக்கெட்டுக் கட்டவில்லை. பழைய வீடுகளில் நன்றாக அமைந்த டார்மரைப் பாருங்கள். முகப்பு முழுக்கச் சன்னல்தான் இருக்கும். சன்னல் சட்டம் முடிகிற இடத்திலேயே டார்மரின் மூலையும் முடியும். நம் கண் இதற்குத்தான் பழகியிருக்கிறது. அதனால்தான் அகலமான வெற்றுச் சுவர் வந்ததும், காரணம் தெரியாவிட்டாலும், பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறது.

உங்கள் படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டார்மர் அகலமானால் அதன் முக்கோணமும் உயரமாகும். பெரிய கூரையின் அதே சரிவில் 8 அடிக்குக் கூரை போட்டால் முக்கோணம் மட்டுமே 32 அங்குலம். அதற்குக் கீழே சுவர் சுமார் 49 அங்குலம் என்று வைத்தால் மொத்தம் 81. முகப்பை வெளிச்சுவரிலிருந்து 2 அடி பின்னால் தள்ளி வைத்தால் கூரை அந்த இடத்திலேயே 16 அங்குலம் ஏறியிருக்கும். ஆக டார்மரின் முகடு 97 அங்குல உயரத்துக்கு வருகிறது. உங்கள் வீட்டு முகடே 104 தான். வெறும் 7 அங்குல வித்தியாசம். வீட்டின் மேல் இன்னொரு வீடு ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நான் செய்வதாக இருந்தால் எப்படிப் போடுவேன் என்று கணக்கோடு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சன்னல் இரண்டரை அடி அகலம், 3 அடி உயரம். இரு பக்கமும் 5 அங்குலச் சட்டம், அதோடு சரி. டார்மரின் மொத்த அகலம் 40 அங்குலம். சன்னலுக்குக் கீழே தகடு மடிக்க 8 அங்குலம், மேலே 5 அங்குலச் சட்டம். இதுவரை 49. முக்கோணம் 13 அங்குலம் சேர்ந்து 62. பின்னால் போய்ப் பெரிய கூரையைத் தொட 93 அங்குலம், அதாவது ஏழே முக்கால் அடி ஓடும். வீட்டு முகட்டுக்கும் டார்மர் முகட்டுக்கும் நடுவே 26 அங்குலம் கிடைக்கும். அந்த இடைவெளி இருந்தால்தான் பெரிய கூரை பெரிய கூரையாகத் தெரியும்.

இந்த மாதிரி மூன்று வையுங்கள். ஒன்று வாசலுக்கு நேர் மேலே. மற்ற இரண்டும் அந்தந்தப் பக்கத்து இரண்டு சன்னல்களுக்கும் சரியாக நடுவில். கீழே இருக்கிற ஏதாவது ஒன்றோடு மேலே இருப்பது கோடு சேர வேண்டும். சன்னலின் நடுக்கோடாக இருக்கலாம், இரண்டு சன்னலுக்கு இடைப்பட்ட சுவரின் நடுக்கோடாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எங்கோ அரைகுறையாக நின்றால் தெருவில் போகிறவர் கண்ணையும் அது உறுத்தும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பரணில் ஏறிப் பாருங்கள். முகட்டிலிருந்து இறவாரம் வரை தனித்தனிக் கைமரமாக ஓடுகிறதா, இல்லை, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் சேர்ந்து, முட்டுகளில் பல் தகடு அடித்த தயார் டிரஸ்ஸா? அதைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

வரைபலகை:

நான் வீட்டு வரைபடம் போடுபவள். மேலே சொன்ன அகலக் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முகப்பில் சன்னலைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது என்பதுதான் முதல் விதி.

ஆனால் எண்ணிக்கையில் எனக்கு வேறு கருத்து. 42 அடிக்கு இரண்டும் போதும். வாசலுக்கு மேலே கூரை வெறுமையாக இருந்தால் வாசல் தனியாக எடுத்துக் காட்டும். மூன்று வைக்கும்போது நடு டார்மர் வாசலோடு போட்டி போட ஆரம்பித்துவிடும். வாசலுக்கு மேல் சின்ன முக்கோண முகப்போ தூண் வைத்த திண்ணைக் கூரையோ பிற்காலத்தில் போடுவதாக இருந்தால் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு தாழ்வான கூரை உள்ளவர்களும் வருவார்கள். 12-க்கு 8 ஏறுகிற கூரை என்பதால்தான் இங்கே டார்மர் பொருந்துகிறது. 62 அங்குல உயர டார்மரை 12-க்கு 4 மட்டுமே ஏறுகிற கூரையில் வைத்தால் அது பின்னால் பதினைந்தரை அடி ஓட வேண்டும். 26 அடி ஆழ வீட்டில் முன்சுவரிலிருந்து முகடு வரை இருப்பதே 13 அடி. அதாவது டார்மர் வீட்டு முகட்டைத் தாண்டிவிடும். அந்த மாதிரிக் கூரைக்கு டார்மர் வேண்டவே வேண்டாம். இறவாரப் பலகையை அகலமாக்குங்கள், வாசலுக்கு ஒரு முகப்புக் கூரை கொடுங்கள், அதிலேயே வீடு மாறிவிடும்.

பாரிஸ் நகரத்துக் கூரைகளில் வரிசை வரிசையாக டார்மர் அவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு அந்தக் கூரைகளின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்டச் சுவர் மாதிரிச் செங்குத்தாக நிற்பதுதான் காரணம். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா மான்சார் என்ற கட்டடக் கலைஞரின் கையில் பிரபலமான கூரை அது, அவர் பெயராலேயே மான்சர்டு என்கிறார்கள். செங்குத்தான கூரையில் டார்மர் பின்னால் ஓட வேண்டிய தூரம் மிகக் குறைவு. அந்தப் படத்தைக் காட்டி, தாழ்ந்த கூரையில் அதேபோல் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சன்னலில் கட்டம் இருந்தால் இதையும் கவனியுங்கள். மேலே சின்னச் சன்னல் என்பதற்காகக் கட்டங்களையும் சின்னதாக்கக் கூடாது. கீழ்ச் சன்னலில் ஒரு கண்ணாடிக் கட்டம் என்ன அளவோ கிட்டத்தட்ட அதே அளவு மேலேயும் இருக்கட்டும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒரே வீட்டுச் சன்னல்களாகத் தெரியும்.

பழையவீட்டுக்காரி:

ஒழுகல் பயம் நியாயமான பயம், அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வாங்கிய வீட்டில் முன்பே இரண்டு அலங்கார டார்மர் இருந்தன. பார்க்க மிக அழகு. வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே வரவேற்பறைக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. சரி, ஷிங்கிள் எங்கோ போயிருக்கிறது என்று நினைத்து அதை மாற்றினோம். அடுத்த மழையில் வட்டம் பெரிதானது.

கடைசியில் வந்த கூரைவேலைக்காரர் டார்மரின் பக்கச் சுவர்ப் பலகையைக் கழற்றிக் காட்டினார். முன்பு கட்டியவர் சுவரும் கூரையும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே நீளமாக ஒரு தகட்டை மடித்து வைத்து, அதன் விளிம்பு முழுக்க சிலிக்கான் அப்பியிருக்கிறார். வெயிலில் சிலிக்கான் சுருங்கி விட்டுப்போய், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தகடு நெடுக ஓடி, ஓர் ஆணி ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. பலகையைக் கையால் கிள்ளி எடுக்க முடிந்தது, அவ்வளவு ஊறியிருந்தது. டார்மருக்குள் ஒரு குளவிக் கூடு வேறு, கால்பந்து அளவுக்கு.

என் கோபமெல்லாம் இதுதான்: மேலே அழகுக்கு அத்தனை உழைத்தவர், மறைந்திருக்கும் இடத்தில் ஒரு நாள் வேலையை மிச்சம் பிடித்துவிட்டார். செய்யும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள். பலகை மூடிய பிறகு எதுவும் தெரியாது.

நீலவாசல்:

எல்லோருக்கும் நன்றி. உளிச்சத்தம் அண்ணா, பரணில் ஏறிப் பார்த்தேன். டிரஸ்தான். 2 அடிக்கு ஒன்றாக வரிசையாக நிற்கிறது, முட்டுகளில் பல் வைத்த தகடு. வேலை எடுப்பவர் "நடுவில் இரண்டு டிரஸ்ஸின் மேல் சட்டத்தை அறுத்துவிட்டுச் சுற்றிப் பலகை அடித்துவிடலாம்" என்று சொல்லியிருந்தார். செய்யலாமா?

வரைபலகை அக்கா சொன்ன இரண்டா மூன்றா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. சன்னல் பற்றியும் ஒரு சந்தேகம். உள்ளே அறை இல்லாத சன்னல் என்பது பகலில் காட்டிக்கொடுக்காதா? கண்ணாடிக்குப் பின்புறம் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடச் சொல்கிறார்கள்.

உளிச்சத்தம்:

தம்பி, டிரஸ்ஸில் ரம்பம் படக்கூடாது. கைமரக் கூரையில் ஒன்றை அறுத்தால் பக்கத்துக் கைமரங்களை இரட்டிப்பாக்கி, மேலும் கீழும் குறுக்கு உத்தரம் கொடுத்துப் பாரத்தைத் திருப்பிவிடலாம், அது காலங்காலமாகச் செய்கிற வேலை. டிரஸ் அப்படியில்லை. அதில் ஒவ்வொரு சட்டமும் மற்றதை இழுத்தும் தாங்கியும் நிற்கிறது. மேல் சட்டத்தை அறுத்த அந்த நிமிடமே அந்த டிரஸ் டிரஸ்ஸாக இல்லை. சுற்றிப் பலகை அடிப்பதால் அது திரும்பி வராது. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்காமல் யாரும் அதைத் தொட விடாதீர்கள்.

உங்களுக்கு அறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே திறக்காத டார்மர் என்பதால் கூரைப் பலகையை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே நிறுத்தலாம். அலங்கார டார்மரின் பெரிய வசதியே இதுதான்: டார்மருக்கு அடியில் பழைய கூரை முழுசாக இருக்கும். டார்மர் உட்காரும் இடத்திலும் அதைச் சுற்றி ஓர் அடி அளவிலும் ஷிங்கிளை எடுத்துவிட்டு, தண்ணீர் புகவிடாத ஒட்டுத் தாளான மெம்பிரேனை முழுக்க விரித்து, அதன் மேல் டார்மரின் அடிப்பலகையைப் படுக்க வைத்து, நீளத் திருகாணியால் டிரஸ் சட்டத்தில் பிடிக்க வேண்டும். வெறும் பிளைவுட்டில் மட்டும் திருகக் கூடாது, பெருங்காற்று டார்மரைப் பக்கவாட்டில் தள்ளும், தூக்கவும் பார்க்கும். டார்மர் அகலம் 40 அங்குலம், டிரஸ் இடைவெளி 24 அங்குலம் என்பதால் பக்கச் சுவர் டிரஸ்ஸின் மேல் சரியாக வந்து விழாது. அதற்காக டார்மரை நகர்த்தி வைக்கத் தோன்றும், நகர்த்தாதீர்கள். பரணுக்குள் இருந்து இரண்டு டிரஸ்ஸுக்கும் நடுவே குறுக்குக் கட்டை அடித்து, அதில் திருகாணியை வாங்குங்கள்.

எடை என்று பார்த்தால் நான் சொன்ன அளவில் ஒன்று 150 முதல் 200 கிலோ வரை வரும். பெரிய பாரம் இல்லைதான், ஆனாலும் டிரஸ் கூரை என்பதால் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். பனி பெய்கிற பகுதியானால் கட்டாயம் காட்ட வேண்டும், டார்மரின் பக்கவாட்டுப் பள்ளங்களில் பனி வந்து குவியும்.

இப்போது தண்ணீர். சகோதரி சொன்ன ஒரே நீளத் தகடுதான் நான் பிரித்துப் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். சரியான முறை படித் தகடு. ஒரு வரிசை ஷிங்கிள், அதன் மேல் ஒரு தகட்டுத் துண்டு, அதன் மேல் அடுத்த வரிசை ஷிங்கிள், மறுபடி ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் சுவரில் குறைந்தது 4 அங்குலம் ஏற வேண்டும், கூரையில் குறைந்தது 4 அங்குலம் படுக்க வேண்டும், கீழ்த் துண்டின் மேல் 2 அங்குலமாவது ஏறிப் படிய வேண்டும். வழக்கமாக ஷிங்கிள் 5 அங்குலம் வெளியே தெரியும்படி வேய்வார்கள், அதற்கு 7 அங்குல நீளத் துண்டு சரியாக வரும். இப்படி வைத்தால் எந்த வரிசையில் தண்ணீர் புகுந்தாலும் அந்தத் துண்டே அதைக் கீழ் வரிசை ஷிங்கிளின் மேல் வெளியே தள்ளிவிடும். சிலிக்கானை நம்பி எதுவும் இல்லை.

உங்கள் அளவுக்கு ஒரு பக்கச் சுவருக்கு 18 துண்டு வரும். மூன்று டார்மர் என்றால் நூறைத் தாண்டும். ஒவ்வொன்றாக மடித்து, ஷிங்கிளோடு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே நீளத் தகடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசை எங்கே வருகிறது என்று புரிகிறதா? வேலை தொடங்கும் முன்பே "படித் தகடு" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தகட்டுத் துண்டுகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியதா என்று பாருங்கள். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன்பக்கம் சன்னலுக்குக் கீழே வரும் தகடு கீழ் ஷிங்கிளின் மேலே விழ வேண்டும். டார்மர் கூரை பெரிய கூரையோடு சேருகிற கூடல்வாய்களில் 24 அங்குல அகலத் தகடு, அதற்கு அடியில் மெம்பிரேன். பக்கச் சுவர்ப் பலகையின் கீழ் விளிம்பு ஷிங்கிளைத் தொடவே கூடாது, ஒன்று முதல் இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். தொட்டால் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி பலகை தண்ணீரை உறிஞ்சும். மரத்துக்குப் பதில் சிமெண்ட் நார்ப்பலகை போட்டால் அந்த உயரத்தில் அடிக்கடி ஏறிப் பெயிண்ட் அடிக்கிற வேலையும் குறையும். பக்கச் சுவர்களுக்குக் கூரையின் நிறத்தையே கொடுங்கள். அவை பின்னால் போய் ஒதுங்கிக்கொள்ளும், முகப்புச் சட்டம் மட்டும் வெள்ளையாக எடுத்துக் காட்டும்.

சன்னல். கண்ணாடியிலேயே கறுப்பு அடிக்காதீர்கள். வெயிலில் அந்தக் கறுப்பு சூடேறி, சூடு முழுக்கக் கண்ணாடியில் இறங்கும். ஓரம் சட்டத்துக்குள் குளிர்ந்திருக்க, நடு மட்டும் கொதித்தால் கண்ணாடி விரியும். இரட்டைக் கண்ணாடியானால் ஓரத்து ஒட்டு விட்டுப்போய் உள்ளே பனி மூடிக்கொள்ளும், அப்புறம் துடைக்கவும் முடியாது. ஒற்றைக் கண்ணாடி, டெம்பர் செய்தது, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது, அது போதும், இங்கே உள்ளே காப்பாற்ற வேண்டிய அறை எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் 4 அங்குலம் தள்ளி ஒரு பலகை வைத்து அதற்கு அடர் சாம்பல் நிறம் மினுமினுப்பு இல்லாமல் அடியுங்கள். உண்மையான சன்னலும் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் இருட்டாகத்தான் தெரியும், மேலே வானம் பிரதிபலிக்கும். அதேதான் இங்கேயும் தெரியும். பலகைக்கு முன்னால் கால்பாகம் இறங்கிய வெள்ளைத் திரை ஒன்றைப் பொருத்தினால் ஆள் வாழ்கிற வீடாகவே இருக்கும்.

கதவைப் போல் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி கீல் வைத்துச் சன்னலைப் பொருத்தச் சொல்லுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளேயிருந்து போக வழியில்லாத இடம் அது. இரண்டு மூன்று வருடத்தில் உள்பக்கக் கண்ணாடியில் தூசியும் செத்த பூச்சியும் சேர்ந்தால் ஏணியில் ஏறித் திறந்து துடைக்க முடிய வேண்டும். டார்மருக்குள் அடைபடும் காற்றுக்கும் வழி வேண்டும். முக்கோணத்தில் சாய்ந்த பட்டைகள் வைத்த ஒரு சின்ன லூவர், இறவாரத்துக்கு அடியில் இரண்டு துளை, எல்லாவற்றுக்கும் 3 மில்லிமீட்டர் கண் வலை. குளவியும் வௌவாலும் அதோடு நிற்கும்.

கடைசியாக ஷிங்கிள் 18 வருடம் என்றீர்கள். அந்த வயதில் தூக்கினாலே உடையும். புதிதாக டார்மரைச் சுற்றிப் போடுவது பழைய நிறத்தோடு சேரவும் சேராது. கூரை முழுக்க மாற்றுகிற காலம் பக்கத்தில்தான் இருக்கும். அதுவரை பொறுத்து இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். கூரை வெறும் பலகையாக நிற்கும்போது டார்மர் வைப்பது பாதி வேலை.

இரண்டா மூன்றா என்பதில் வரைபலகை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்களே பார்த்து முடிவு செய்யலாம், வழி சொல்கிறேன். மெல்லிய ரீப்பர் கட்டையில் 40 அங்குல அகலத்துக்கு முகப்புச் சட்டம் மட்டும் மூன்று அடித்து, நடுவில் சன்னல் அளவுக்குக் கறுப்பு அட்டை ஒட்டி, கூரைவேலை தெரிந்த ஆளை வைத்து மேலே நிறுத்திக் கயிறு கட்டச் சொல்லுங்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டும் பாருங்கள்.

வெயில்தகடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முன்பக்கச் சரிவில் எப்போதாவது சூரிய மின் தகடு போடும் எண்ணம் உண்டா? உண்டு என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மூன்று டார்மர் வந்தால் அந்தச் சரிவு துண்டு துண்டாகிவிடும். வெயில் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும் டார்மரின் நிழல் பக்கத்துத் தகட்டின் மேல் விழும். தகடுகளைத் தொடராக இணைத்திருந்தால் ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசை முழுவதையும் பாதிக்கும். பின்பக்கச் சரிவுக்கு நல்ல வெயில் வருமானால் கவலையில்லை. வீட்டுத் திசையைப் பார்த்து முடிவெடுங்கள். அதோடு, தெருவைப் பார்த்த முகப்பை மாற்ற உள்ளூர்க் கட்டட அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் பின்பக்கத்தைவிட முன்பக்கத்துக்கு விதி கடுமையாக இருக்கும்.

நீலவாசல்:

அண்ணா சொன்ன மாதிரியே ரீப்பர் சட்டம் அடித்து நிறுத்திப் பார்த்துவிட்டோம். நானும் மனைவியும் தெருவின் அந்தப் பக்கம், கூரைவேலைக்காரர் மேலே.

முதலில் மூன்று. பார்த்ததும் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. சரி, அக்கா சொன்னதையும் பார்ப்போம் என்று நடுவில் இருப்பதை எடுக்கச் சொன்னோம். எடுத்ததும் வாசல் எடுப்பாக வந்தது உண்மைதான். ஆனால் எங்கள் வாசலுக்கு முகப்புக் கூரை எதுவும் இல்லை. கதவு சுவரோடு சுவராக இருக்கிறது. அதனால் இரண்டு ஓரமும் கனத்து நடு காலியாகத் தொங்கியது. முகப்புக் கூரை போடுவதாக இருந்தால் இரண்டே சரியாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்கே புரிகிறது.

மூன்று என்று முடிவு. இன்னொன்றும் கண்டோம். ஓரத்து டார்மர் ஒன்றைக் கட்டும்போது கயிறு நழுவி ஓர் அடி வெளிப்பக்கம் போய்விட்டது. ஓர் அடிதான். சன்னல்களின் நடுக்கோட்டை விட்டு விலகியதும் வீடே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். சரியான இடத்துக்கு நகர்த்தியதும் நேரானது. நடுக்கோட்டைச் சுவரில் குறித்து வைத்துவிட்டோம்.

பின்பக்கச் சரிவுக்கு நாள் முழுக்க வெயில் உண்டு, எனவே மின் தகடு அங்கே போகும். அனுமதிக்கு மனு கொடுத்திருக்கிறேன். கூரை மாற்றும்போது சேர்த்தே செய்யப்போகிறோம். 8 அடிப் படம் வரைந்தவரிடம் இந்த அளவுகளைக் காட்டினேன். படித் தகடு போடுவதற்கு நாள் கூடும் என்றார். கூடட்டும், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி மீதி. டார்மரின் சின்னக் கூரை முன்னால் எவ்வளவு நீட்ட வேண்டும்? பெரிய கூரைக்கு இறவாரம் 16 அங்குலம் நீட்டியிருக்கிறது.

உளிச்சத்தம்:

நல்ல காரியம் தம்பி. பெரிய கூரையின் 16 அங்குலத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், சன்னல் மேல் நிழல் விழுந்து முகப்பே இருண்டுவிடும். பக்கவாட்டில் 6 அங்குலம், முன்னால் 6 முதல் 8 அங்குலம். இறவாரப் பலகையின் அகலத்தையும் அதே விகிதத்தில் குறைக்கச் சொல்லுங்கள். பெரிய கூரைக்கு 8 அங்குலப் பலகை என்றால் இங்கே 4 அங்குலம் போதும். பெரிய பலகையில் மிஞ்சிய துண்டையே வெட்டி அடிக்கப் பார்ப்பார்கள், அதற்கு விடாதீர்கள்.

படித் தகடு வைக்கிற அன்று விடுப்பு எடுத்து வீட்டிலேயே இருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பலகை மூடுவதற்கு முன்னால் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.